பந்தயத் திடலின் சஞ்சயன்

குருக்ஷேத்திரத்துப் போரைக் கண்ணாற் கண்டவர் பல்லாயிரவர். அவர்களுட் பெரும்பாலோர் அக்களத்திலேயே மாண்டனர். அப்போரைக் காணாது கேட்டவன் ஒருவன். கண்ணொளி இல்லாத அவ்வரசனின் அருகிலிருந்து, தேர் உருண்ட திசையையும் வில் முறிந்த வேளையையும் மைந்தர் மடிந்த செய்தியையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைத்தவன் சஞ்சயன். ஆடித் திங்களில் உடப்புத் திரௌபதையம்மன் ஆலயத் தீமிதிப்பைக் கண்டும் பாரதக் கதையைக் கேட்டும் வளர்ந்த நம் பகுதி மக்களுக்குச் சஞ்சயனை அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. நேர்முக வர்ணனை என்று இக்காலத்தார் வழங்கும் தொழிலுக்கு அவனே முதல்வன் என்று வேடிக்கையாகவும் உண்மையாகவும் சொல்வதுண்டு. அத்தொழிலில் அமெரிக்க நாட்டில் 25 ஆண்டுகள் ஈடிணையின்றி விளங்கிய சிட் கொலின்ஸ் என்பவரின் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

இத்தகைய மலர்களில் வாழ்க்கை வரலாறு எழுதுவோர் புலவரையோ, தலைவரையோ, கல்விக்கு நிலமும் பொருளும் ஈந்த வள்ளலையோ தேர்ந்தெடுப்பது வழக்கம். மோட்டார்ப் பந்தயத்தை வானொலியில் வர்ணித்த ஒருவரை நாம் எடுத்துக்கொண்டது சிலருக்கு வியப்பாயிருத்தல் கூடும். தமிழாசிரியருக்குக் குரலும் சொல்லுமே தொழிற் கருவிகள். அக்கருவிகளை இன்னொரு மொழியில், இன்னொரு தொழிலில், மிக்க பொறுப்போடு கையாண்ட ஒருவரை அறிந்துகொள்வதில் நமக்கு ஆதாயமே உண்டு. அன்றியும், வானொலிக் குரலொன்றின்மேல் மக்கள் எவ்வளவு அன்பு வைக்கக்கூடும் என்பது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. இலங்கை வானொலியின் எஸ். பி. மயில்வாகனன் அவர்களின் குரல் இக்கரையில் மட்டுமன்றி எதிர்க்கரையிலும் வீட்டுக் குரலாகவே கொள்ளப்பட்டது.

மோட்டார்ப் பந்தயமும் நம் நாட்டுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1930களிலேயே தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படையினர் இத்தீவிற் பயன்படுத்திய விமானத் தளங்களுள் கட்டுக்குருந்தையும் நம் புத்தளமும் இரண்டு. முன்னதற்கு உக்குஸ்ஸா என்றும் பின்னதற்கு ராஜாலியா என்றும் பருந்தும் கழுகுமாகிய பறவைகளின் சிங்களப் பெயர்களைச் சூட்டியிருந்தனர். போர் முடிந்தபின் கட்டுக்குருந்தை ஓடுபாதை மோட்டார்ப் பந்தயத் திடலாயிற்று. புத்தளத்துக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. யானையைக் கட்டி விமானத்தை இழுத்த புகைப்படங்களே அத்தளத்தின் புகழாக எஞ்சின. அது நிற்க.

இண்டியானாபொலிஸ் என்பது அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியிலுள்ள இண்டியானா மாநிலத்தின் தலைநகர். அங்கே 1909 இல் அமைக்கப்பட்ட ஓடுகளம், நீள்சதுரம் ஒன்றின் நான்கு மூலைகளையும் வளைத்துவிட்டாற் போன்ற வடிவினது. நீண்ட நேர்பாதைகள் இரண்டு, குறும்பாதைகள் இரண்டு, திருப்பங்கள் நான்கு. ஒரு சுற்று இரண்டரை மைல். தொடக்கத்தில் 32 இலட்சம் செங்கற்களை அடுக்கித் தளமிட்டமையால் செங்கற்களம் என்ற செல்லப் பெயரும் அதற்கு உண்டு. 1911 முதல், இரு உலகப் போர்க் காலங்கள் நீங்கலாக, ஆண்டுதோறும் மே மாத இறுதியில் 500 மைல் பந்தயம் அங்கே நடைபெற்று வருகின்றது. வரிசைக்கு மூன்றாகப் பதினொரு வரிசைகளில் 33 வண்டிகள் புறப்படும். 200 சுற்றுகளை முதலில் முடிப்பவர் வென்றவர். 500 மைல் என்பது புத்தளத்திலிருந்து கொழும்புக்கு மூன்று முறை போய் மூன்று முறை திரும்பும் தூரத்துக்கு ஏறத்தாழ ஒப்பாகும். 1911 இல் அத்தூரத்தை வென்ற சாரதி 6 மணி 42 நிமிடம் எடுத்துக்கொண்டார். 1952 இல் அது நான்கு மணிக்கும் குறைந்தது. வேகம் கூடக்கூட ஆபத்தும் கூடிற்று என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்நகரிலேயே 1922 ஆம் ஆண்டு யூலை 17 ஆம் நாள் சிட் கொலின்ஸ் பிறந்தார். யூதக் குடும்பத்தினர். இயற்பெயர் சிட்னி கான். கொலின்ஸ் என்பது ஒலிபரப்புத் தொழிலுக்காக அவர் ஏற்ற பெயர். பந்தய நாளன்று ஊரே ஒலியால் நிறையும் நகரில் பிறந்தவர் அவ்வொலியின் உரையாசிரியர் ஆனதில் ஒரு பொருத்தம் இருக்கின்றது. போருக்குப் பின், 1947 அளவில், டபிள்யூ.ஐ.பி.சி. என்னும் உள்ளூர் வானொலி நிலையத்தில் அறிவிப்பாளராகச் சேர்ந்தார். மறு ஆண்டுப் பந்தயத்தில் ஒரு திருப்பத்தில் நின்று, தம் கண்முன்னே கடந்து செல்லும் வண்டிகளைப் பற்றிச் சொல்லும் சிறு பணி அவருக்குக் கிடைத்தது. முதன்மை இருக்கையில் அப்போது இருந்தவர் பில் ஸ்லேட்டர் என்னும் மூத்த அறிவிப்பாளர். ஸ்லேட்டரின் உடல்நலம் குன்றிய காலத்தில் அவருக்குத் துணையாகக் கொலின்ஸ் உயர்த்தப்பட்டார். கடைநிலையில் நின்று பார்த்த அந்த அனுபவம் பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் உதவிற்று என்றே நாம் கருதுகின்றோம். திருப்பத்தில் நிற்பவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதைத் தாமே நின்று அறிந்தவர் அவர்.

அதுவரை இப்பந்தயத்தை மியூச்சுவல் என்ற நாடளாவிய நிறுவனம் ஒலிபரப்பி வந்தது. விளம்பரக் கட்டணம் பற்றிய பிணக்கினால் அவ்வேற்பாடு முறிந்தது. ஆகவே 1952 இல் ஓடுகளத்தார் தமக்கென ஒரு வானொலி வலையமைப்பை நிறுவினர். அதன் முதன்மை அறிவிப்பாளராக, முப்பது வயதும் நிரம்பாத கொலின்ஸ் அமர்த்தப்பட்டார். தொடக்கத்தில் இணைந்த நிலையங்கள் சில பத்துகளே. அவ்வாண்டு அவருக்கு வாய்த்த பந்தயமோ எந்த வர்ணனையாளரும் விரும்பக்கூடியது. பில் வுக்கோவிச் என்ற சாரதி பெரும்பாலான சுற்றுகளில் முன்னணியில் நின்றார். ஒன்பது சுற்றுகளே எஞ்சிய நிலையில் அவரது வண்டியின் திசைதிருப்பும் பொறி முறிந்தது. 22 வயதே ஆன ட்ரோய் ரட்மன் வென்றார். அவரினும் இளையவர் எவரும் அப்பந்தயத்தை இன்றுவரை வென்றதில்லை.

அடுத்த ஆண்டு ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. அதற்குமுன் தொடக்கத்திற் சிறிது நேரமும், இடையிடையே சில நிமிடங்களும், முடிவிற் சிறிது நேரமுமாகத் துண்டு துண்டாகவே பந்தயம் ஒலிபரப்பாகி வந்தது. 1953 முதல் பச்சைக் கொடி அசைந்த கணத்திலிருந்து கட்டக் கொடி விழும்வரை முழுவதும் இடையறாது ஒலிபரப்பலாயிற்று. நகரிலிருந்த ஐந்து வானொலி நிலையங்களும் தம்முட் போட்டியை அன்றொரு நாள் ஒதுக்கிவைத்து அவ்வொரே ஒலிபரப்பை ஏற்றன. எந்த நிலையத்தைத் திருப்பினாலும் ஒரே குரல். 1970களில் இணைந்த நிலையங்கள் ஆயிரத்தைத் தாண்டின. அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த கடல்கடந்த நாடுகளுக்கும் படைத்துறை வானொலி அதனைக் கொண்டு சென்றது. அங்கே முற்பகலாயின் இங்கே இரவு. சிற்றலை வானொலியை நள்ளிரவில் திருகிக்கொண்டிருந்தவர் எவருக்கேனும் இக்கீழ்க்கடலிலும் அக்குரல் தட்டுப்பட்டிருத்தல் கூடும். சிலாபத்துக்குத் தெற்கே இரணவிலக் கடற்கரையில் 2016 வரை அமெரிக்காவின் குரல் அலைபரப்பு நிலையம் ஒன்று இருந்ததை நம் மாணவர் அறிவர். அந்நிலையம் எழுந்தது 1990களிலேயாகும். கொலின்ஸ் மறைந்து அப்போது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன; ஆதலின் அக்கோபுரங்களையும் இவரையும் முடிச்சுப் போடுதல் பொருந்தாது.

அக்குரலுக்கு இத்துணை மதிப்பு உண்டானதற்கு ஒரு காரணத்தை மறைக்கலாகாது. தொலைக்காட்சி பரவிய பின்னரும் அப்பந்தயத்தை நேரடியாகக் காட்ட ஓடுகளத்தார் நெடுங்காலம் இசையவில்லை. வீட்டிலிருந்தே எல்லோரும் பார்த்துவிட்டால் திடலுக்கு வருவோர் குறைவர் என்பது அவர்தம் அச்சம். 1971 முதல் அன்றிரவே சுருக்கிக் காட்டினர். முழுப் பந்தயமும் நேரடியாக நாடெங்கும் தொலைக்காட்சியில் வந்தது 1986 இலேதான். ஆகவே கொலின்ஸின் காலம் முழுவதும், திடலுக்குப் போகாத கோடிக்கணக்கானோருக்கு அவர் சொன்னதே பந்தயம். அவர் சொல்லாதது நிகழாதது. அரசன் கண்ணிழந்தவனாய் இருந்தமையால் சஞ்சயனுக்கு வேலை கிடைத்தது. இங்கே ஒரு நாடே அந்த ஒருநாளில் கண்ணைக் கட்டிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு அமர்ந்திருந்தது.

சஞ்சயனுக்கும் இவருக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. சஞ்சயனுக்கு வியாசர் ஞானக்கண் அருளினார். இருந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் அவன் கண்டான். கொலின்ஸ் அமர்ந்திருந்த கோபுரத்திலிருந்து தெரிந்ததோ முன்புற நேர்பாதையும், அதை ஒட்டி வண்டிகள் நின்று எரிபொருளும் ரயரும் பெறும் நிறுத்திடமுமே. இரண்டரை மைலின் பெரும்பகுதி அவர் கண்ணுக்கு மறைவு. வண்டி முதலாந் திருப்பத்துள் நுழைந்தபின் நான்காந் திருப்பத்திலிருந்து வெளிப்படும்வரை அது இருக்கின்றதா, எரிகின்றதா, சுவரில் மோதிக் கிடக்கின்றதா என்று அவரால் தாமாக அறிய இயலாது. எனவே திருப்பம் ஒவ்வொன்றிலும், பின்புற நேர்பாதையிலும் ஒவ்வொருவர், நிறுத்திடத்தில் வேறு சிலர், கணக்கெடுப்போர் சிலர். 1952 இல் ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட நேரம். கொலின்ஸின் கடைசி ஆண்டுகளில் ஐம்பது விநாடிக்கும் உட்பட்டது. அச்சிறு பொழுதுக்குள் பேச்சு கொலின்ஸிடமிருந்து முதலாந் திருப்பத்துக்கும், அங்கிருந்து இரண்டாவதற்கும், பின்பாதைக்கும், மூன்றாவதற்கும், நான்காவதற்கும் கைமாறி மீண்டும் அவரிடமே வந்து சேர வேண்டும். ஒருவர் இரண்டு சொல் கூடுதலாகப் பேசினால் வண்டி அடுத்தவரைக் கடந்துவிடும். ஜிம் ஷெல்டன், ஹௌடி பெல், மைக் ஏஹன், லூ பாமர் போன்றோர் ஆண்டாண்டாக அவரோடு நின்றவர்கள். முன்னாட் சாரதியான பிரெடி அகபாஷியனும் பிற்காலத்தில் அவர் அருகே அமர்ந்து நுணுக்கங்களை விளக்கினார்.

நம் கரையில் கரைவலை இழுப்பதைக் கண்டவர்க்கு இது எளிதிற் புரியும். இருபுறக் கயிற்றையும் இழுப்போர் ஒருவரையொருவர் பாராமல் நிற்பர். வலையின் மடியோ கடலுக்குள் யார் கண்ணுக்கும் தெரியாமற் கிடக்கும். அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுப்பவரின் குரலும் அதற்கு மற்றவர் தரும் மறுகுரலுமே இருபுறத்தையும் ஒரே கதியில் வைத்திருக்கும். எடுத்துக் கொடுப்பவர் தாமே எல்லா அடியையும் பாடிவிட முயன்றால் வலை கரைசேராது. கொலின்ஸ் எடுத்துக் கொடுப்பவராய் இருந்தார். பந்தயத்தின் விறுவிறுப்பான கட்டங்களிற் பல, அவர் வாயால் அன்றி அவர்தம் தோழர் வாயாலேயே வெளிவந்தன. பெயர் அவருக்கு, பேச்சு பிறருக்கு என்று விட்டுக்கொடுக்க அவர் கூசவில்லை.

எல்லோரும் இவ்வாறு செய்தாரல்லர். 1934 இல் பம்பாயிலே கிரிக்கெட் வர்ணனைக்குத் தொடக்கமிட்ட ஏ. எவ். எஸ். தலையார்கான், உணவு வேளையும் தேநீர் வேளையும் தவிர நாள் முழுதும் தனியொருவராகவே பேசுவார். பிறரோடு ஒலிவாங்கியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று அகில இந்திய வானொலி வகுத்தபோது, 1940களின் இறுதியில், அப்பணியையே துறந்து சென்றார். அவருடைய ஆற்றலை நாம் குறைத்துக் கூறவில்லை. ஒரே இடத்திலிருந்து முழுக் களமும் தெரியும் விளையாட்டில் அது இயலும். இண்டியானாபொலிஸில் அத்தகைய பெருமிதம் ஒரு சுற்றுக்கூடத் தாங்காது.

அவரோடு சேர்த்து இன்றும் வழங்கும் ஒரு தொடர் உண்டு. பந்தயக் காட்சிகளுள் இதுவே மிகப் பெரியது, விலகாது கேட்டிருங்கள் என்னும் பொருள்படச் சிறிது நேரத்துக்கு ஒருமுறை அவர் சொல்வார். அலங்காரத்துக்காகத் தோன்றியதன்று அது. நாடெங்குமுள்ள நிலையங்கள் தத்தம் விளம்பரங்களை இடையிற் செருக வேண்டுமாயின், எந்தக் கணத்தில் செருகுவது என்று அங்குள்ள பொறியியலாளருக்கு ஓர் அடையாளச் சொல் தேவைப்பட்டது. மாறாத ஒரு வாய்பாடு இருந்தாலன்றி நூற்றுக்கணக்கான நிலையங்களை ஒரே நேரத்தில் இயக்குதல் இயலாது. 1950களின் நடுப்பகுதியில், டபிள்யூ.ஐ.பி.சி. நிலையத்தில் விளம்பர வாசகம் எழுதி வந்த ஆலிஸ் கிரீன் என்னும் பெண்மணி அத்தொடரை ஆக்கிக் கொடுத்தார். உலகம் அதனைக் கொலின்ஸின் தொடர் என்று போற்றுகின்றது. எழுதியவரை நினைப்பார் சிலரே. உரையாசிரியர் பெயர் நிலைத்து மூலவர் பெயர் மறைவது இலக்கிய உலகில் மட்டும் நிகழ்வதன்று போலும்.

இனி, அவர் வாழ்விற் கடினமான நாள். 1964 ஆம் ஆண்டு மே 30 ஆம் நாட் பந்தயம். இரண்டாஞ் சுற்று முடிவதற்குள், நான்காந் திருப்பத்தைக் கடந்து வந்த டேவ் மக்டொனால்டு என்ற இளஞ் சாரதியின் வண்டி கட்டுப்பாடிழந்து உட்புறச் சுவரில் மோதிற்று. அது நிறைய பெற்றோல் நிரம்பிய வண்டி. எரிந்துகொண்டே பாதையின் குறுக்கே திரும்பி வந்த அதன்மேல் பின்னால் வந்த எடி சாக்ஸின் வண்டி மோதிற்று. ஏழு வண்டிகள் அவ்விபத்தில் அகப்பட்டன. கரும்புகை முன்பாதையை மறைத்தது. விபத்தின் காரணமாகப் பந்தயம் முழுவதும் நிறுத்தப்பட்டது அத்திடலின் வரலாற்றில் அதுவே முதன்முறை. சாக்ஸ் அவ்விடத்திலேயே இறந்தார்; மக்டொனால்டு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின் மருத்துவமனையில் உயிர் துறந்தார்.

சாக்ஸ் யாரென்று சொன்னாலன்றி அந்நாளின் துயரம் விளங்காது. சிரித்துப் பேசி எல்லோரையும் சிரிக்க வைப்பவர். இண்டியானாபொலிஸ் பந்தயத்தின்மேற் பித்துக் கொண்டவர் என்றே சொல்லலாம். 1961 இல் மூன்று சுற்றுகளே எஞ்சிய வேளையில் முன்னணியில் இருந்தார். பின்சக்கர ரயர் தேய்ந்து உள்நூல் வெளித்தெரியவே, வெற்றியைக் கைவிட்டு நிறுத்திடத்துக்குள் வந்து ரயரை மாற்றிக்கொண்டார். ஏ. ஜே. பொய்ட் அவரைக் கடந்து எட்டு விநாடி வேறுபாட்டில் வென்றார். உயிரா வெற்றியா என்ற கேள்வி வந்தபோது உயிரைத் தேர்ந்த அறிவுடையவர் அவர். அத்தகையவரை மூன்றாண்டின்பின் தம் பிழையேதுமின்றி நெருப்புக் கொண்டது. மே மாதந்தோறும் கொலின்ஸோடு பேசிப் பழகியவர் அவர்.

பந்தயம் நின்றுவிட்டது, ஒலிபரப்பு நிற்கவில்லை. வர்ணிப்பதற்கு ஓடும் வண்டி ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பேச வேண்டும். கேட்டுக்கொண்டிருப்போருள் சாரதிகளின் உற்றார் உறவினரும் இருப்பர். உறுதி செய்யப்படாத ஒன்றைச் சொன்னால் எங்கோ ஒரு வீட்டில் ஒருத்தி வீணே நெஞ்சடைத்துப் போவாள். தெரிந்த ஒன்றை மறைத்தால் குரலின்மேல் மக்கள் வைத்த நம்பிக்கை போய்விடும். இவ்விரண்டுக்கும் நடுவிலேயே வர்ணனையாளரின் அறம் இருக்கின்றது. சாக்ஸின் மரணம் முறைப்படி அறிவிக்கப்பட்டபின், எழுதிய தாள் ஏதுமின்றி, அக்கணத்தில் நெஞ்சில் எழுந்ததைக் கொண்டே கொலின்ஸ் ஓர் இரங்கலுரை சொன்னார். அது சில நிமிடங்களுக்கு உட்பட்டது. மனிதர் அனைவரும் மணிக்கு மணி இறுதியை நோக்கியே சென்றுகொண்டிருக்கின்றனர் என்பதும், சாக்ஸ் தாம் விரும்பிய தொழிலிலேயே இறுதியை எய்தினார் என்பதும் அதன் சாரம். கூச்சலில்லை, புலம்பலில்லை, இறந்தவரை வீரனாக்கி வானத்தில் ஏற்றவும் இல்லை. கேட்டவர்கள் அவ்வுரையின் படியை வேண்டி ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினர். அமெரிக்க விளையாட்டு ஒலிபரப்பின் வரலாற்றை எழுதுவோர் இன்றும் அதனைத் தவறாது குறிப்பிடுகின்றனர்.

அதன் பின் பந்தயம் மீண்டும் தொடங்கிற்று. கொலின்ஸும் முன்போலவே சுற்றுகளை எண்ணி, திருப்பங்களுக்குப் பேச்சைக் கைமாற்றி, பொய்டின் இரண்டாம் வெற்றியை அறிவித்தார். இரங்கலுரையை எல்லோரும் புகழ்வர். நமக்கோ அதனினும், அதன் பின் மீந்திருந்த மூன்று மணி நேரத்தை அவர் குரல் தளராமல் நடத்திய வலிமையே பெரிதாகத் தோன்றுகின்றது. இறந்தவர் இருவர் இருக்க எஞ்சியோரை ஓடவிட்டது தகுமா என்ற கேள்வி எழாமல் இல்லை. அவ்வாறு முடிவு செய்தவர் ஓடுகளத்தாரே. அவ்விபத்தின் விளைவாக அடுத்த ஆண்டு விதிகள் இறுக்கப்பட்டன. பெற்றோலை விட்டு, அதைவிடத் தீயாபத்துக் குறைந்த மெதனோலைக் கையாளும் வழக்கம் நிலைபெற்றது.

மரணத்தைச் சொல்லும் நிலை அவருக்கு அது முதற்றடவையன்று. 1953 இலும் 1954 இலும் தொடர்ந்து வென்ற வுக்கோவிச், 1955 இல் மூன்றாம் வெற்றியை நோக்கி முன்னணியிற் சென்றுகொண்டிருந்தபோது, 57 ஆஞ் சுற்றில் பின்பாதையில் நேர்ந்த விபத்தில் மாண்டார். 1958 இல் முதற்சுற்றிலேயே பல வண்டிகள் மோதிப் பற் ஓகொனர் இறந்தார். 1973 இன் பந்தயம் மழையாலும் விபத்தாலும் மூன்று நாட்கள் இழுபட்டு, 133 சுற்றோடு நிறுத்தப்பட்டது. அதிற் காயமுற்ற ஸ்வீட் சாவேஜ் சில வாரங்களின்பின் இறந்தார். நெஞ்சு மரத்துப் போகாமல் 25 ஆண்டுகள் இத்தொழிலைச் செய்தல் எளிதன்று.

மகிழ்ச்சியான ஆண்டுகளும் உண்டு. 1967 இல் பார்னெலி ஜோன்ஸ், விமானப் பொறி போன்ற சுழலிப் பொறி பூட்டிய வண்டியொன்றைச் செலுத்தி, ஓசையே இல்லாமல் மற்றெல்லோரையும் பின்தள்ளினார். ஓசையையே பொருளாகக் கொண்ட வானொலிக்கு ஓசையற்ற வண்டி எத்துணைத் தொல்லை தந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்து நாம் நகைத்ததுண்டு. நான்கு சுற்றுகள்கூட எஞ்சாத நிலையில் ஒரு சிறு உருளைத்தாங்கி பழுதுற்று அவ்வண்டி நின்றது. பொய்ட், கடைசிச் சுற்றிற் சிதறிக் கிடந்த வண்டிகளின் ஊடாக வளைந்து வந்து மூன்றாம் முறை வென்றார்.

1976 இன் பந்தயம் மழையால் 102 சுற்றோடு, அதாவது 255 மைலோடு, முடிவுற்றது. ஜொனி ரதர்போர்ட் வென்றார். அத்திடலில் முடிவு அறிவிக்கப்பட்ட 500 மைற் பந்தயங்களுள் அதுவே மிகக் குறுகியது. கொலின்ஸ் வர்ணித்த கடைசிப் பந்தயமும் அதுவே.

கழுத்துப் பிடிப்பு என்று முதலில் எண்ணப்பட்ட நோவு, பின்னர் இயக்க நரம்பணுக்கள் நலிவுறும் கொடிய நோய் என்று தெரியவந்தது. லூ கெரிக் என்ற பேஸ்போல் வீரர் 1941 இல் அதனால் மாண்டமையால் அமெரிக்கர் அவர் பெயராலேயே அதனை வழங்குவர். கைகால்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, நாவும் தொண்டையும் செயலிழந்து, அறிவு மட்டும் தெளிவாக எஞ்சியிருக்கும் நோய் அது. அந்நாளிலும் மருந்தில்லை, இன்றும் அதனை முற்றாகத் தீர்க்கும் மருந்தில்லை. குரலால் வாழ்ந்தவருக்கு அந்நோய் என்ன செய்யும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1977 ஆம் ஆண்டு மே 2 ஆம் நாள், அவ்வாண்டுப் பந்தயத்துக்கு நான்கு வாரங்கூட இல்லாத வேளையில், 54 ஆம் வயதிலே, தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அச்செயலை நாம் போற்றவில்லை. அவரைப் பழிக்கவும் நமக்கு மனம் வரவில்லை. இத்தகைய நோயுற்றவரைத் தனிமையில் விடலாகாது என்பதை மட்டும், இதைப் படிக்கும் இளைஞருக்கு ஆசிரியர் என்ற உரிமையோடு சொல்லி வைக்கின்றோம்.

முதன்மை இருக்கை, சில ஆண்டுகளாக அக்குழுவிற் பணியாற்றி வந்த போல் பேஜ் என்பவருக்குக் கிடைத்தது. மே 29 ஆம் நாள் பந்தயம் வழக்கம்போலத் தொடங்கிற்று. ஜனெட் கத்ரி என்னும் பெண் சாரதி அத்திடலில் முதன்முதலாகப் போட்டியிட்டதும் அவ்வாண்டே. திருப்பங்களில் நின்ற தோழர் பலர் பழையவரே. பேச்சு முன்போலவே ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்குச் சென்று கோபுரத்துக்குத் திரும்பிற்று. அன்று ஏ. ஜே. பொய்ட் வென்றார், நான்கு முறை வென்ற முதல் மனிதர் அவர். 1961, 1964, 1967 ஆகிய அவருடைய முன்னைய மூன்று வெற்றிகளையும் உலகுக்கு அறிவித்தவர் கொலின்ஸ். நான்காவதை அறிவித்தவர் பேஜ்.